வெறுங்கையோடு வெளியே வந்தோம்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கல்யாணம் ஆகாதவர். என் மகள், பத்தொன்பது வயது. மாடியில் வீட்டின் சொந்தக்காரி, தனியாக இருப்பவர், தெருவுக்கே அவர் ஆபா, உருதுவில் அக்கா. கீழே நாலு பேர், மேலே ஒருத்தர்.

ஆட்களை எண்ணுவது எனக்குக் கம்பெனியில் வந்த பழக்கம்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். பதினாறு வருஷம். ஏழாவது வரைக்கும்தான் படிப்பு. எழுது என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு நீட்டிச் சொல்ல வராது.

கம்பெனியில் ஃபயர் டிரில் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வருவதற்கு முன்னால் நாலைந்து தடவை நடக்கும். மணி அடித்தால் மெஷினை நிறுத்த வேண்டும், எழுந்திருக்க வேண்டும், வரிசையாக வெளியே போக வேண்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. பை கூடாது, டிபன் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது. வெளியே வேப்ப மரத்தடியில் பச்சை போர்டு நட்டிருக்கிறார்கள். அங்கே நிற்க வேண்டும். ஒவ்வொரு லைனுக்கும் ஒருத்தர் ஆரஞ்சு கலர் கோட்டு போட்டுக்கொண்டு எண்ண வேண்டும். என் லைனுக்கு நான். சத்தம் போட்டால் எட்டு ஊருக்குக் கேட்கும் என்று சூப்பர்வைசர் என்னை எடுத்தார். என் லைனில் நாற்பத்திரண்டு பேர்.

ஒரு தடவை ஒரு பெண் டிபன் பையை எடுக்கத் திரும்பி ஓடினாள். சூப்பர்வைசர் அவளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"இன்னாம்மா உள்ள வச்சிருக்கிற?"

"புளி சோறு சார்."

"புளி சோத்துக்காக சாவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுதாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் பையைத் தொடுவதில்லை. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சரியான பேச்சு என்றுதான் நினைத்தேன்.

எங்கள் தெரு கானாற்று ஓரம். மலையில் மழை பெய்தால்தான் அதில் தண்ணீர் வரும். மற்ற நாளில் குப்பையும் முள்ளும்தான். முந்தின வருஷம் தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்து திரும்பியது. அப்போதே முடிவு செய்தேன். கம்பெனியில் செய்வதை வீட்டிலும் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்ததும் டிரில். சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடிப்பேன். அதுதான் மணி. எல்லோரும் எழுந்து வெளியே வர வேண்டும். தெருமுனையைத் தாண்டி, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடச் சுவர்தான் நிற்கிற இடம். அங்கே எண்ணுவேன்.

அண்ணிக்குக் காது மந்தம். அவர் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலை, அப்பர் என்பார்கள், கையால் தைப்பவர். ஏஜென்ட் மூட்டையில் கொண்டு வந்து போடுவான், ஜோடிக்கு இவ்வளவு என்று. முதல் டிரிலில் மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பிடுங்கினேன்.

"வுடு. அப்பரை வுட்டுட்டு வந்தா ஏஜென்ட் என் தோலை உரிச்சித் தச்சிடுவான்."

"உயிர் இருந்தா ஏஜென்டுகிட்ட பேசலாம் அண்ணி. வெறுங்கையா வரணும்."

"இவ பெரிய கலெக்டர். தட்டை அடிச்சி ஊரைக் கூட்டுறா."

என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்து நேரம் சொல்வார். முதல் தடவை ஏழு நிமிஷம். மூன்று மாதத்தில் மூன்று நிமிஷத்துக்குள் வந்தோம். மகள் ஃபோனை எடுத்தால் கத்துவேன். அதுவும் சாமான்தான் என்பேன். தெருவில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக் கை தட்டும். ஆபா மாடியில் நின்று சிரிப்பார்.

இவ்வளவு தயாராக இருக்கிற வீடு எங்கள் தெருவில் வேறு கிடையாது. அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அவருடைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் தோல் ஷெட்டில் தோலைப் பிளக்கிற மெஷினில் நின்றவர். ஒரு தோலை இரண்டு தாளாகப் பிரிக்கிற மெஷின். கத்தி பெல்ட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தார். வலிப்பு. பின்பக்கமாக விழுந்ததால் கை தப்பியது. அதே மாதத்தில் இன்னொரு தடவை வந்தது. முதலாளி நல்ல மனுஷன். இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேறு இன்னா செய்வார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். ரோஸ் கலர், நீளவாட்டம். காலையில் ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று. டாக்டர் சொன்னது இதுதான்: இரண்டு வருஷம் வலிப்பு வராமல் இருக்கட்டும். பிறகு பார்த்து, மெஷினில் நிற்கலாம் என்று லெட்டர் தருகிறேன். முதலாளியிடம் போய்ச் சொன்னோம். "லெட்டர் கொண்டா, மெஷினைத் தர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து அவர் தினமும் மாலையில் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்து, காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அட்டை நிறைந்தால் இன்னொரு அட்டை. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கோடு மட்டும் போடுவார். இரண்டு வருஷத்துக்கு எழுநூற்று முப்பது கோடு.

மழை வந்த அன்று அட்டையில் அறுநூற்று முப்பத்தெட்டு கோடு இருந்தது.

மூன்றாவது நாளாக மழை. காலை மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டார். பத்து மணி இருக்கும், நகராட்சி ஆட்டோ மைக்கோடு வந்தது. மலையில் மழை ஜாஸ்தி, கானாற்று ஓரத்தில் இருப்பவர்கள் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார்கள். தெருவில் அப்போதே கணுக்கால் தண்ணீர்.

நான் தட்டை அடித்தேன்.

எல்லோரும் எழுந்தார்கள். ஒருத்தரும் எதையும் தொடவில்லை. அண்ணிகூட மூட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தார். மகளின் ஃபோன் சார்ஜில் இருந்தது. என்னுடையது அலமாரியில் இருந்தது. கடைசி ஆள் கதவைச் சாத்த வேண்டும் என்று கம்பெனியில் சொல்வார்கள். நான் சாத்திப் பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகினேன்.

ஆபா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"அரே, எங்கே போறீங்க நாலு பேரும்? மேலே வாங்க. மாடிக்கு இன்னா தண்ணியா வரப்போவுது?"

"ஸ்கூலுக்குப் போவணும் ஆபா. நீங்களும் எறங்குங்க."

"நான் எறங்க மாட்டேன். அரிசி இருக்குது, ஸ்டவ் இருக்குது, ரெண்டு டிரம் தண்ணி இருக்குது. உங்களுக்கும் சேர்த்துதான் பிடிச்சு வச்சேன். வா மா."

"எல்லாரும் ஒரு எடத்துல நிக்கணும் ஆபா. அப்பதான் கணக்கு."

"கணக்கை மாடியில எண்ணேன். அஞ்சு பேர்தானே."

நான் கேட்கவில்லை. நடந்தோம். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தி எண்ணினேன். நாலு. மற்றவர்கள் பாயும் பாத்திரமும் மூட்டையும் தூக்கிக்கொண்டு தடுமாறி வந்தார்கள். ஒருத்தன் டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. இருந்தது.

வகுப்பறையில் இடம் கொடுத்தார்கள். மத்தியானம் சாம்பார் சாதம். அண்ணி சாப்பிட்டு முடித்து இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை.

"இன்னா அண்ணி இது? வெறுங்கையா வரச் சொன்னேனே."

"கையில இன்னா இருக்குது? இடுப்புலதான இருந்தது."

மகள் சிரித்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார். அந்த நாளில் அதுதான் கடைசிச் சிரிப்பு.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"ம்மே. மாத்திர?"

மாத்திரை பிஸ்கட் டப்பாவில் இருந்தது. டப்பா ஒரு பையில். பை காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஆஸ்பத்திரிச் சீட்டும் அதற்குள்தான். கதவுக்கும் அந்த ஆணிக்கும் நாலு எட்டு. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஞாயிறும் வெளியே வந்தோம். கம்பெனியில் எனக்கு மாத்திரை கிடையாது. அதனால் வீட்டு டிரிலிலும் மாத்திரை இல்லை. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

முகாமில் ஒரு நர்ஸ் இருந்தார். போய்ச் சொன்னேன்.

"மாத்திர பேர் இன்னாம்மா?"

"ரோஸ் கலர்."

"ரோஸ் கலர்ல நூறு மாத்திர இருக்கும்மா. பேர் சொல்லுங்க."

தெரியவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் என் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரை. அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அவருக்கும் தெரியாது. மகளுக்கு முதல் எழுத்து மட்டும் ஞாபகம் இருந்தது. அதுவும் சந்தேகமாக.

"ஃபோன்ல சீட்டை ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன்" என்றாள். "ஃபோனை எடுத்தா கத்துவ. அதான் எடுக்கல."



நர்ஸ் தன் ஃபோனில் இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தார். டாக்டர் நாளை மறுநாள் காலையில் இந்த முகாமுக்கு வருவார், இன்னும் நாலு முகாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். காய்ச்சல் மாத்திரையும் உப்புக்கரைசல் பொட்டலமும்தான் அவரிடம் இருந்தது.

மறுநாள் காலை மெயின் ரோட்டு மெடிக்கலுக்கு நானும் மகளும் போனோம். கடைக்காரர் நல்லவர். ரோஸ் கலர் அட்டை மூன்று எடுத்து மேஜையில் போட்டார்.

"இதுல எதும்மா?"

மூன்றும் நீளவாட்டம். ஒன்று மாதிரியும் இருந்தது, இல்லை மாதிரியும் இருந்தது. மகள் ஒன்றைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"சீட்டு இல்லாம இதைத் தரக்கூடாதும்மா. தப்பா போச்சுன்னா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

வேலூர் பஸ் ஓடவில்லை. பள்ளிகொண்டா பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றார்கள். எங்கள் தெருமுனையில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் மாடியில் ஆபா நிற்பது தெரிந்தது. கையில் டீ கிளாஸ். ஏதோ கேட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் கத்தினேன். என் சத்தம் அவருக்கும் போய்ச் சேரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன். நீஞ்சத் தெரியும்."

"தண்ணிக்குள்ள வந்துட்டா?"

அவர் நின்றார். வேட்டியை இறக்கிவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்காகச் சொன்னது.

அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தோம். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணி எதிரே. அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் தெரியும். "இன்னா, என்னை இன்னா சினிமாவா பார்க்கறீங்க?" என்றார். பேஜார். ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. ஒன்பது மணிக்கு உப்புமா வரிசை. அவர் தட்டோடு நின்றார். நான் பின்னால் நின்றேன். தட்டு முதலில் விழுந்தது. பிறகு அவர். நான் பிடித்ததால் தலை தரையில் மோதவில்லை.

கூட்டம் கூடியது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார்கள். மகள் தள்ளிவிட்டாள். "ஒருக்களிச்சுப் படுக்க வைம்மா, வாயில எதுவும் வைக்காதீங்க" என்று கத்தினாள். எனக்கு இருக்கிற தொண்டை அவளுக்கும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. தலைக்கு அடியில் வைக்கத் துணி கேட்டாள். எங்களிடம் ஒன்றும் இல்லை. அண்ணி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி அவர் தலைக்கு அடியில் வைத்தார். சாவியைத் தவிர நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சாமான்.

நாலு நிமிஷம் இருக்கும். நின்றது. கொஞ்ச நேரம் தூங்குகிற மாதிரி கிடந்தார். கண்ணைத் திறந்தார். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். கீழே கொட்டிக் கிடந்த உப்புமாவைப் பார்த்தார்.

"வந்துடுச்சா?" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் பதினொன்றுக்கு வந்தார். ஒரு ஊசி போட்டார். என் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலமே தண்ணீர் வடிந்தது. நான் மட்டும் முதலில் போனேன். சாவி இரண்டு நாளாக இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. கதவு உப்பிப்போய்த் திறக்கவில்லை. தோளால் இடித்துத் திறந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரம். கட்டில் கால் நனைந்திருந்தது. அண்ணியின் மூட்டை சேற்றில் ஊறிக் கிடந்தது. ஆணியில் பை தொங்கியது. டப்பாவைத் திறந்தேன். ஈரம்கூட இல்லை. மாத்திரை அட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

ஆபா படியிறங்கி வந்து வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"யா அல்லா. நீ கத்தினது இதுக்கா? நான் நல்லா இருக்கேனான்னு கேட்குறன்னு நினைச்சேன். முதல் நாள் நான் எறங்கிப் பார்த்தேன், பூட்டு தொங்குது. இல்லேன்னா நானாவது எடுத்து வச்சிருப்பேன், எதை எடுக்கணும்னு தெரியாமலே எல்லாத்தையும் எடுத்திருப்பேன்."

பிறகு, "ரெண்டு டிரம் தண்ணியும் அப்படியே இருக்குது மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலூர் டாக்டர் சீட்டைப் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். இரண்டு வருஷத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, கோடு போட்ட அட்டைகளை எடுத்தார். கிழிப்பார் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்தார். புது அட்டை கேட்டார்.

மெஷினை முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். எவ்வளவு நாள் காலியாக வைப்பார். லெட்டர் வந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார். இவர் இப்போது அண்ணியோடு உட்கார்ந்து மேல்தோல் தைக்கிறார். அண்ணி அவர் தையலைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்வார். "மாட்டுத் தோலைப் பொளந்த கைக்கு ஊசி பிடிக்கத் தெரியல பாரு" என்பார்.

கதவுக்குப் பின்னால் இப்போது ஒரு பை தொங்குகிறது. பத்து நாள் மாத்திரை. சீட்டின் நகல் இரண்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டது. டார்ச். சார்ஜர். ரேஷன் கார்டு. ஒரு துண்டு, தலைக்கு அடியில் வைக்க. மாத்திரை பழசாகாமல் இருக்க மாதம் ஒரு தடவை எடுத்துச் செலவு செய்துவிட்டுப் புதியதை வைக்கிறேன். மாற்றுச் சாவி ஆபாவிடம். தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்தால் மாடிக்குப் போவது, மலையடியில் இருக்கிற ஏரி உடைந்தது என்று சொன்னால் மட்டும் பள்ளிக்கூடம். ஆபாவும் ஒத்துக்கொண்டார், அப்படி என்றால் அவரும் இறங்க வேண்டும் என்று. ஆபா வீட்டு நீல டிரம் இரண்டோடு என்னுடையது ஒன்று சேர்ந்திருக்கிறது.

மாத்திரையின் பேரை எழுதக் கற்றுக்கொண்டேன். மகள் சொல்லிக் கொடுத்தாள். பார்க்காமல் எழுதுவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை டிரில் விட்டுப்போனது. தட்டை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஞாயிறு அவரே தட்டை எடுத்து அடித்தார். அண்ணி எழுந்தார், மகள் எழுந்தாள். பையை அவர் தோளில் மாட்டிக்கொண்டார். மாடிக்கு ஏறினோம். ஆபா டீ போட்டு வைத்திருந்தார்.

போன வாரம் கம்பெனியில் சோதனை. மணி அடித்தது. நாற்பத்திரண்டு பேரையும் வெளியே கொண்டு வந்து எண்ணினேன். சூப்பர்வைசர் என் கோட்டுப் பையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, உப்பலா?"

எடுத்துக் காட்டினேன். ஒரு அட்டை மாத்திரை.

"உனக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"அவருதான் இங்க இல்லியே."

"இல்ல சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "உள்ள வையி, வெள்ளைக்காரன் பார்த்துடப் போறான்" என்றார். வைத்தேன். மெஷினுக்குத் திரும்பினோம்.

முகாமுக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு வலிப்பு வரவில்லை. வராது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் காலண்டர் அட்டையைத்தான் பார்க்கிறேன். இன்றைக்கும் விளக்கு வைத்ததும் மாத்திரை போட்டார், தண்ணீர் குடித்தார், பென்சிலைத் தேடினார். அண்ணி காதில் சொருகியிருந்தார். வாங்கிக் கோடு போட்டார். நான் எண்ணினேன்.

இருநூற்றுப் பதினாறு.